நாற்பத்தோராவது காட்சி

மாரிச்செல்வி எடுத்த படத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் அபிப்பிராயம் சொல்லாத ஆள் கிடையாது. பார்த்தவர்கள் கொஞ்சம், சொன்னவர்கள் நிறைய. சந்தனம் டீக்கடையில் வடை போடுகிறவர் வரைக்கும் ஆளுக்கொரு கருத்து வைத்திருந்தார்கள். நானும் ஒன்று வைத்திருந்தேன், அதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன். அந்த வெட்கக்கேட்டையும் சேர்த்துத்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் செட்டியார்பட்டி. மாரிச்செல்வியின் அப்பா கருத்தப்பாண்டி அண்ணாச்சி எனக்கு எதிர்வீடு. பட்டாளத்தில் அவில்தாராக இருந்து பென்சனில் வந்தவர். ராஜபாளையத்தில் நான் ஸ்டோர் கீப்பராக இருக்கிற நூல் மில்லிலேயே கேட் செக்யூரிட்டியாகச் சேர்ந்தார். பஞ்சு லாரி உள்ளே வந்தால் டிரைவரே இறங்கி நின்று கும்பிடுவான், அப்படி ஒரு மீசை. மதினி வெள்ளத்தாய்க்கு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. வெளுத்துக் காய்ந்து வருகிற துணியை மிசின் அகலம் அகலமாகக் கிழித்துத் தள்ளும். அதை இறுக்கிச் சுருட்டி, காகிதம் சுற்றி, பெட்டியில் அடுக்க வேண்டும். காலையிலிருந்து நின்றபடியே சுருட்டிவிட்டுச் சாயங்காலம் பஸ் இறங்கி வரும்போது புருவம், காது மடல் எல்லாம் வெள்ளையாகப் பொடி அப்பியிருக்கும்.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பாண்டிச்செல்வம். ஆறு வருசத்துக்கு முன்னால், பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போகமாட்டேன் என்று அப்பாவோடு மல்லுக்கட்டினான். மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு போனவன் கிருஷ்ணன்கோவில் தாண்டி லாரியில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு வாசலில் என்ன நடந்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரம். தெரியாவிட்டால் என்ன, 'அப்பன்காரன் கழுத்தப் பிடிச்சுத் தள்ளிட்டான்' என்று தெரு தானாக ஒன்றை முடிவு செய்துகொண்டது. அண்ணாச்சி அதை ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை.

இளையவள் மாரிச்செல்வி. சென்னைக்குப் போய், யார் யாரிடமோ வேலை பார்த்து, இருபத்துநாலு வயதில் தானே எழுதி ஒரு படத்தை எடுத்துவிட்டாள். படத்தின் பெயர் 'காட்சி நாற்பத்தொன்று'. அது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ராஜபாளையத்தில் ஒரு தியேட்டர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தியேட்டர். தியேட்டர் பெயரெல்லாம் வேண்டாம், இரண்டு இடத்திலும் எனக்கு வேண்டப்பட்டவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

நானும் அண்ணாச்சியும் அன்றைக்கே ஷிப்ட் முடிந்து ராஜபாளையத்திலேயே ஆறரை மணி ஆட்டத்துக்குப் போனோம். அண்ணாச்சி யூனிபாரத்தைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டு, மீசையை நீவிவிட்டு, கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது மாதிரி வந்தார். திரையில் பெயர் வந்ததும் பக்கத்து சீட்டுக்காரனிடம், "எம்மக" என்றார். அவன் கேட்கவில்லை, இவராகத்தான் சொன்னார்.

படம் என்னவென்றால், ஒரு பெண் வாடகை ரூமில் உட்கார்ந்து சினிமாவுக்குத் திரைக்கதை எழுதுகிறாள். அவள் எழுத எழுத அது நமக்குப் படமாக ஓடுகிறது. அவள் டைப் அடித்தால் ஒரு ஆள் நடக்கிறான், அழித்தால் அந்த ஆள் நின்றுவிடுகிறான். சண்டை கிடையாது, பாட்டும் கிடையாது. நாற்பது காட்சி எழுதிவிட்டாள், நாற்பத்தோராவதில் போய் அடைத்துக்கொள்கிறது. அண்ணன்காரன் வீட்டை விட்டுப் போகிற காட்சி. யோசித்து யோசித்துக் கடைசியில் எழுதுகிறாள். அப்பன் மகனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறான். அடுத்தாற்போல அந்தப் பெண் மேசையில் கவிழ்ந்து அழுகிறாள். அதோடு படம் முடிந்து போனது.

தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. விளக்கு எரிந்ததும்தான் பக்கத்தில் திரும்பினேன். அண்ணாச்சி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். எங்கள் தெருக்காரர்கள் ஒரு பத்துப் பேராவது வந்திருந்தார்கள். அத்தனை பேரும் அவரைத்தான் பார்த்தார்கள். மில்லில் நூல் கோன் ஏற்றுகிற ஒருவன் வந்து, "விடுங்க அண்ணாச்சி, ஆத்திரத்துல யாரும் செய்யுததுதான" என்று கையைப் பிடித்தான். ஆறுதல் சொல்கிறானாம்.

அண்ணாச்சி வெளியே வந்து, "நீ பஸ்ஸுக்குப் போப்பா" என்றார்.

"நீங்க வரலியா?"

"நான் கேட் ரூமுல படுத்துக்கிடுதேன்."

அவர் போகிறதைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. மறுநாள் காலையில் சந்தனம் கடையில் நின்று, "படம் நல்ல படம்தான். ஆனா பெத்த அப்பன வித்துட்டா" என்று சொன்னேன். பத்துப் பேர் தலையாட்டினார்கள். பேச்சுக்கு ஆள் கிடைத்துவிட்டால் நமக்குக் கேட்கவா வேண்டும், நாலு தடவை சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து போனில் ஒரே ரகளை. ராஜபாளையத்துக்காரன் 'அழுதுட்டேன்' என்று போட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் 'நான் தூங்கிட்டேன்' என்று போட்டான். இவன் 'கச்சிதமான படம்' என்றான், அவன் 'இழுவை, மண்ட காஞ்சுருச்சு' என்றான். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே யோகேஸ்வரி என்று ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர், 'மூன்று முறையும் அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் பாருங்கள், படம் புரியும்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. மூன்று முறையா, எது மூன்று முறை என்று இங்கே உள்ளவன் கேட்க, நீ படத்தைப் பார்த்தியா இல்லையா என்று அங்கே உள்ளவன் திட்ட, மாமன் மச்சினன் இரண்டு பேர் பேச்சுவார்த்தையே நிறுத்திக்கொண்டார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எதிராளி மட்டி என்று நினைப்பதில் அவரவருக்கு அவ்வளவு திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டில் அண்ணாச்சி குரல் உயர்ந்தது. அந்த மனிதர் வீட்டுக்குள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எழுந்து போனேன். அண்ணாச்சி டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார். மதினியும் மாரிச்செல்வியும் அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். மகள் சென்னையிலிருந்து ரயிலில் வந்து அங்கே இறங்கியிருக்கிறாள். சனிக்கிழமை மதினியின் தங்கச்சி அனுசியா வீட்டில் தங்கி, மூன்று பேருமாக அங்கேயே படம் பார்த்திருக்கிறார்கள். அனுசியா கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்புத் தூக்குவாளி வாசலிலேயே கிடந்தது, உள்ளே எடுத்து வைக்கக்கூட ஆள் இல்லை.

"வாப்பா" என்றார் அண்ணாச்சி என்னிடம். "நீயே கேளு. ஊர்ல நாலு பேரு மறைவாப் பேசிக்கிட்டிருந்தத இவ வெளிச்சம் போட்டு ஓட்டிட்டா. அப்பன்தான் கொன்னான்னு எழுதிட்டா."

"படத்த முழுசாப் பாத்தியளா இல்லையா?" என்றாள் மதினி. "ரெண்டாவது தடவ வரும்போது நீங்க அவன் கையப் பிடிச்சு எம்புட்டுக் கெஞ்சுதீங்க! அவந்தான ஒதறிட்டுப் போறான்? அதப் பாத்துட்டு நான் முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு இருந்தேன்."

"நான் எங்கட்டி கெஞ்சுனேன்? ஏப்பா, நீயும்தான பக்கத்துல இருந்த? நான் கெஞ்சுதேனா?"

"இல்ல மதினி" என்றேன். "தள்ளிக் கதவச் சாத்துறாரு. அந்தப் பிள்ள அழுவுது. படம் முடிஞ்சு போச்சு."

மாரிச்செல்வி அதுவரை சுவரோரம் நின்றவள் முன்னால் வந்தாள். "சித்தப்பா, சாவி குடுக்கிற சீன் பாத்தீங்களா?"

"என்ன சாவி?"

"எத்தன மணிக்கு வெளிய வந்தீங்க?"

"ஆறரைக்கு விட்டான். எட்டேகாலுக்கெல்லாம் வெளிய வந்துட்டோம். இன்டர்வெல்லும் சேத்து."

"படமே ரெண்டு மணி நேரத்துக்கு மேல சித்தப்பா" என்றாள் அவள். அப்பா பக்கம் திரும்பினாள். "எப்பா, நீங்க பாத்தது முழுப் படம் இல்ல. அந்த வாசல் காட்சி மூணு தடவ வரும். வேற வேற மாதிரி வரும். அந்தப் பிள்ள ஒண்ண எழுதி அழிச்சிட்டு இன்னொண்ண எழுதும். அதுதான் படமே."

அண்ணாச்சி பெட்டியைச் சாத்தினார். "சமாளிக்காத தாயி. ஊரே பாத்திருக்கு. நீ ஒங்கம்மைக்கு ஒரு படமும் எனக்கு ஒரு படமுமா எடுத்த?" பிறகு மதினியிடம் சொன்னார்: "மேனேஜர்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். வியாழக்கிழம வரைக்குந்தான் மில்லு. அன்னைக்குச் சாயங்காலமே ஆலங்குளத்துக்குப் போறேன். அண்ணன் காட்டுல சோளம் வெதைக்க ஆளில்லாமத்தான் கெடக்கு. எனக்கு அங்க ஒரு குடிச போதும். இந்தத் தெருவுல இனிமே நான் தல நிமுந்து நடக்க முடியாது."

பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மில் கேட் ரூமுக்குக் கிளம்பிப் போனார். நான் அதைக் கையில் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. அன்றைக்கு டீக்கடைப் பக்கம் நான் தலைகாட்டவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் லீவு போட்டுவிட்டு மதினியையும் மாரிச்செல்வியையும் ராஜபாளையம் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஆப்பரேட்டர் தேவஇரக்கம். அண்ணாச்சியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. முப்பத்தெட்டு வருசமாக அதே கேபினில் இருக்கிறார். மாரிச்செல்வியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வா தாயி! எப்படிப் போகுது பாத்தியா ஒம் படம்? நேத்து முக்காத் தியேட்டரு. பொம்பளையெல்லாம் அழுதுக்கிட்டே போறாக."

"பெரியப்பா, படத்துல எதையும் தள்ளி ஓட்டுதீங்களா?"

மனிதர் கூச்சமே படவில்லை. நீ கண்டுபிடித்துவிட்டாயே என்பது போலச் சிரித்தார். "வெள்ளிக்கிழமை காலை ஆட்டம் முழுசாத்தான் விட்டேன். அந்தக் கதவு சீன் ரெண்டாவது தடவ வரவும் ஒருத்தன் எந்திரிச்சு, 'ஏ ஆப்பரேட்டர், தூங்கிட்டியா, ஓடுனதே ஓடுது'ன்னான். மூணாவது தடவ வந்துச்சோ இல்லையோ, சேர் கையப் பிச்சு எறிஞ்சுட்டானுவ. தியேட்டர லீசுக்கு எடுத்தவரு மேல ஏறி வந்து, 'மத்தியானமே இதத் தூக்கிருவோம்'னாரு. நான்தான், 'பொறுங்க சார், நம்ம கருத்தப்பாண்டி மக படம், சின்னப் பிள்ள, தெரியாம ஒரே சீன மூணு தடவ வச்சிருச்சு, நான் சரி பண்ணிருதேன்'னேன்."

ஒரு பழைய டைரியை எடுத்து விரித்தார். எந்த நிமிசத்தில் நிறுத்துவது, எந்த நிமிசத்தில் விடுவது என்று குறித்து வைத்திருந்தார். "மொதக் கதவு முடியவும் தள்ளி, அந்தப் பிள்ள கவுந்து அழுவுற எடத்துல கொண்டுபோய் விட்டேன். நாப்பது நிமிசம். ஒரு பயலுக்குத் தெரியல. ரீல் காலத்துலயே நான் கத்திரி போடுற ஆளுதான் தாயி. ஜனம் எந்த எடத்துல எந்திரிச்சு முறுக்கு வாங்கப் போகுதோ, அந்த எடத்த ரெண்டாவது நாள் வெட்டிருவேன். படம் எடுக்கிறவுகளுக்கு ஜனத்தோட மூஞ்சி தெரியாது. இந்த ஓட்ட வழியா எனக்குத்தான் தெரியும்."

மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாரிச்செல்வி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் நிதானமாகப் பேசினாள்.

"பெரியப்பா, மொதல்ல வர்றது ஊர் சொன்னது. ரெண்டாவது எங்கம்மா மனசுல நெனச்சுக்கிட்டது. மூணாவது நான் செஞ்சது. ஊர் சொன்னத மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் தள்ளிட்டீங்க. எங்கப்பா அத மட்டும் பாத்துட்டு வீட்ட விட்டுப் போயிட்டாரு."

தேவஇரக்கம் டைரியை மூடினார். "ஏசுவே" என்றார். "அவன் சாயங்காலம் வந்திருந்தானா? எனக்குத் தெரியாதே. நான் ஒங்களுக்கு நல்லதுன்னுல்ல செஞ்சேன்."

"இன்னைலேர்ந்து எல்லா ஆட்டமும் முழுசாப் போடுங்க பெரியப்பா."

சத்தம் கேட்டு லீஸ்காரர் ராஜரத்தினம் வந்துவிட்டார். "ஏம்மா, ஓடுற படத்த நீயே கவுக்குறியே. இப்பிடி இருந்தாத்தான் ஜனம் வருது" என்றார்.

"நான் எடுத்த படத்த ஓட்டுங்க சார். வரலைன்னா வராமப் போகட்டும்."

அதே நேரத்தில் அவளுக்குச் சென்னையிலிருந்து போன், எங்களுக்கும் கேட்கிற சத்தத்தில். படத்துக்குப் பணம் போட்டவர். தமிழ்நாடு முழுக்கப் படம் படுத்துவிட்டதாம், ராஜபாளையத்தில் மட்டும் நிற்கிறதாம். அங்கே என்ன பண்ணினார்களோ அதையே எல்லா ஊரிலும் பண்ணச் சொல்லலாமா என்று கேட்டார். தேவஇரக்கத்துக்கு அதைக் கேட்டு ஒரு கணம் முகம் மலர்ந்தது, மறைக்கவும் தெரியவில்லை. மாரிச்செல்வி, "வேண்டாம் சார். இங்க நடந்தது தப்பு. அத நிறுத்தத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அவ்வளவு பெரிய இடத்தில் இருந்து வந்த வார்த்தையை அப்படித் தூக்கிப் போட எனக்கு வராது.

தேவஇரக்கமே ஒரு போர்டு எழுதி டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் கட்டினார்: 'இந்தப் படத்தில் ஒரே காட்சி மூன்று முறை வரும். ரிப்பேர் அல்ல. ஆப்பரேட்டரைத் திட்ட வேண்டாம்.' அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள்தான் அதிகம். திங்கள் சாயங்காலம் முப்பது பேர். செவ்வாய்க்கிழமை அதில் பாதி.

அண்ணாச்சியிடம் யார் போய்ச் சொல்வது? நான் சொன்னேன். தேவஇரக்கம் மில் கேட்டுக்கே வந்து, "நான்தான் வெட்டுனேன்டா" என்று சொன்னார். அண்ணாச்சி இரண்டு பேரையும் பார்த்து, "அவளுக்காக ஆளாளுக்குப் பொய் சொல்லுங்க" என்று முடித்துவிட்டார். பட்டாளத்து மண்டை, ஒன்று உள்ளே போனால் லேசில் வெளியே வராது.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாரிச்செல்வி மில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். ஆனி மாசக் காற்று, மலையிலிருந்து சாரல் விட்டுவிட்டு அடித்தது. அண்ணாச்சி லாரி நம்பரை எழுதுவார், தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பார், கேட்டைத் திறப்பார், சாத்துவார். மகள் நிற்கிற பக்கம் மட்டும் திரும்பமாட்டார். மத்தியானம் மதினி கொடுத்துவிட்ட சோற்றை அவள் கேட்டுக்குக் கீழே வைத்தாள். அது அப்படியே இருந்தது. ஷிப்ட் மாறிப் போகிற பெண்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவளுக்குக் கால் வலித்திருக்கும், துப்பட்டா நனைந்து ஒட்டியிருந்தது. சாயங்காலம் போய்விட்டு, புதன்கிழமை காலையில் அண்ணாச்சி கேட்டைத் திறக்கும்போது அதே இடத்தில் நின்றாள்.

மதியம் தாண்டி அவளேதான் பேசினாள். ஸ்டோரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் பக்கத்தில் போனேன்.

"எப்பா, ஒரே ஒரு கேள்வி. பட்டாளத்துல ஒரு ஆள்மேல தப்புன்னா, கேட்ட ஒடனே தண்டனை குடுத்துருவாங்களா?"

அண்ணாச்சி ரிஜிஸ்தரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்கொயரி வைப்பாங்கள்ல? நீங்களே அப்படி ஒரு என்கொயரியில உக்காந்திருக்கீங்க. ரேசனத் திருடிட்டாருன்னு மாட்டுன அந்தச் சமையக்காரர் கதைய எனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க? அவரு பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் வாயத் தெறக்கலன்னு சொன்னீங்கள்ல? எனக்கு மட்டும் ஏம்ப்பா பாதி கேட்டுட்டுத் தீர்ப்பு?"

கோடு நின்றது. அவர் தலை நிமிரவில்லை.

"நாளைக்கு மத்தியானம் ரெண்டரை ஆட்டம். அதோட படத்த எடுத்துருவாங்க. முழுசாப் பாருங்க. பாத்துட்டும் நான் உங்கள வித்துட்டேன்னு தோணுச்சுன்னா ஆலங்குளம் பஸ்ஸுக்கு நானே பெட்டியத் தூக்கிட்டு வாரேன்."

அண்ணாச்சி ரிஜிஸ்தரை மூடிவிட்டு என்னிடம் கேட்டார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு எனக்குப் பதிலாளு யாருப்பா?"

வியாழக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு ஐம்பது பேர் இருந்தார்கள். பேச்சு பரவியிருக்க வேண்டும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அந்த டீச்சரும் அனுசியாவும் வந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பார்த்து அழுத எங்கள் தெருக்காரர்களும் 'அப்படி என்னதான் வெட்டினான்' என்று பார்க்க வந்திருந்தார்கள். அண்ணாச்சி காக்கிச் சட்டையோடு வந்து ஓரத்து சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுவில் நான். எனக்கு அடுத்து மதினி. மாரிச்செல்வி உட்காரவே இல்லை, கதவோரம் நின்றாள்.

முதல் வாசல் வந்தது. அப்பன் தள்ளினான், கதவைச் சாத்தினான். அண்ணாச்சி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார். அந்தப் பெண் எழுதியதை வாசித்துப் பார்த்தாள். வரி வரியாக அழித்தாள். மறுபடியும், 'காட்சி 41, வீட்டு வாசல், பகல்' என்று அடித்தாள்.

"ஏ ஆப்பரேட்டர்!" என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"சும்மா இருலே, போர்டுல போட்டிருக்கு" என்று இன்னொருத்தன் கத்தினான்.

"போர்டுல போட்டாச் சரியா? மூணு தடவ பாக்க நான் என்ன பரிட்சையா எழுதப் போறேன்?"

"பிடிக்கலைன்னா எந்திரிச்சுப் போங்க தம்பி" என்றது டீச்சர் குரல்.

நாலைந்து பேர் எழுந்து போனார்கள். இரண்டாவது வாசலில் அப்பன் மகன் கையைப் பிடித்துக் கெஞ்சினான், மகன் உதறிவிட்டுப் போனான். மதினி விசும்பினாள். அதையும் அந்தப் பெண் அழித்தாள். மூன்றாவது வாசலில் அப்பன், 'போ' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான். போகும்போது பைக் சாவியை மகளிடம் கொடுத்து, 'ஒளிச்சு வை' என்கிறான். அண்ணன் வெளியே நின்று அவளிடம் சாவியைக் கேட்கிறான். தினம் தினம் வீட்டில் சண்டை, அவளுக்கு அலுத்துவிட்டது. 'போய்த் தொலை' என்று சாவியை அவன்மேல் எறிந்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு டியூசனுக்குப் போகிறாள். அதை எழுதி முடித்துவிட்டு அவள் அழிக்கவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அதற்குப் பிறகுதான் மேசையில் கவிழ்ந்து அழுகிறாள்.

வெள்ளிக்கிழமை நான் அழுதது எதற்கென்று யோசித்தேன். அவள் எதற்கு அழுகிறாள் என்றே தெரியாமல் அழுதிருக்கிறேன்.

விளக்கு எரிந்ததும் பேச்சு ஆரம்பித்துவிட்டது. "அப்ப எதுதான் நெசம்?" "அதச் சொல்ல மாட்டாங்களாம்." "வெட்டுனதே தேவலை." "நீ பாக்குறதுக்கு அம்புட்டுத்தான்." ஐம்பது பேரும் ஐம்பது விதமாகப் பேசிக்கொண்டே போனார்கள். எனக்குப் படம் பிடித்ததா என்று கேட்டால் இன்றைக்கும் சட்டென்று சொல்ல வராது. ஒரு பெண் தன் தப்பை ஊருக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றாள் என்பது மட்டும் புரிந்தது.

வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் சாரல் தூறியது. அண்ணாச்சி மகளிடம் போனார். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அந்தச் சாவி... நெசமா?"

"நெசம்ப்பா."

"அவனே ஒன் பையிலேர்ந்து எடுத்துட்டான்னு சொன்ன."

"அப்பப் பயந்து போய்ச் சொன்னேன். நான்தாம்ப்பா குடுத்தேன். குடுக்கலைன்னா அவன் நடந்துதான போயிருப்பான். பஸ் ஸ்டாப்புல கோவம் ஆறி வந்திருப்பான். உங்களப் பத்தி ஊர் பேசுன ஒவ்வொரு தடவையும் நான் சொல்லியிருக்கணும். வாய் வரல. எழுதத்தான் வந்துச்சு."

அண்ணாச்சி மூச்சை இழுத்து விட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலதிகாரி முன்னால் நிற்பது போல நிமிர்ந்து நின்றார்.

"நாலாவது ஒண்ணு இருக்கு தாயி. அது யாருக்கும் தெரியாது. ஒங்கம்மைக்கும் தெரியாது. நீ டியூசனுக்குப் போன பொறவு அவன் திரும்பி வந்தான்."

மதினி முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"ஒரு பத்து நிமிசம் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வந்து கதவத் தட்டினான். 'எப்பா, நாந்தாம்ப்பா'ன்னான். வேற ஒண்ணும் சொல்லல. நான் உள்ள கதவுகிட்டதான் நிக்கேன். தாப்பாள்ல கை வச்சுட்டேன். இன்னொருக்க கூப்பிடட்டும், தெறப்போம்னு நின்னேன். கூப்பிட்டான். இன்னும் ஒருக்க கூப்பிடட்டும்னு நின்னேன். கூப்பிடல. வண்டிய எடுத்துட்டான்."

அண்ணாச்சி பின்னால் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

"நீ குடுத்த சாவி அவனத் திரும்ப வீட்டுக்குத்தான் கொண்டாந்து விட்டுச்சு. தெறக்காதவன் நான். ஒம் பேர்ல எழுதி வச்சுக்கிட்டு அலையாத. அத அழி. இத எழுது. ஊர் என்ன வேணும்னாலும் பேசட்டும்."

மாரிச்செல்வி அவர் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், ஒரு சின்னப் பிள்ளை அழுவது மாதிரி சத்தம் போட்டு. மதினி வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் துணியை இறுக்குகிற கை அது. பிடித்த பிடியில் ஒரு பித்தான் தெறித்தது.

"ஆறு வருசம்" என்றாள். "இத நெஞ்சுல வச்சுக்கிட்டு ஆறு வருசமா நான் போட்ட சோத்த எப்படிய்யா தின்ன?"

"எங்கட்டி தின்னேன்" என்றார் அண்ணாச்சி.

மதினி சட்டையை விடவில்லை. ரோட்டில் செட்டியார்பட்டி பஸ் வந்து நின்றதும், பிடித்த பிடியோடு அவரை அதில் ஏற்றினாள்.